முத்தியில் ஆன்மா அழிவதில்லை
"சைவ சித்தாந்த முத்தியில் ஆன்மா சிவத்தில் கரைந்து இல்லாமல் போகும், அத்துவிதம் என்றால் ஒன்று" என்று சிலர் சொல்வது சரியல்ல. மெய்கண்டார், சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் இரண்டாம் நூற்பா விளக்கத்திலேயே இதை மறுக்கிறார்: 'ஏகம்' (ஒன்று) என்று சுட்ட, அதற்கு வேறாக ஒருவன் வேண்டுமே! மெய்கண்டாருக்கு அத்துவிதம் என்பது ஒன்றாகிவிடுவதல்ல, பிரிந்து நில்லாமை.

ஆன்மாவும் சிவமும் கூடும் இந்த நிலைக்கு, உமாபதி சிவம் தம் குறள் வடிவ சைவ சித்தாந்த நூலான திருவருட்பயனில் காட்டும் உவமை 'தாடலை'. தாள், தலை என்ற இரு சொற்கள் புணரும்போது ளகரமும் தகரமும் சேர்ந்து ஒரே டகரம். ஓசையில் ஒன்று, பொருளில் இரண்டு. இலக்கணம் படித்தவருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அடுத்த குறளில் காரணமும் உண்டு: முற்றிலும் ஒன்றே என்றாலும், ஒட்டாத இரண்டு என்றாலும் இன்பம் விளையாது.

ஆன்மாவின் அறிவை மறைக்கும் ஆணவமலமும் முத்தியில் அழியாது, அதன் வலிமை மட்டும் கெடும். கரைதல் என்ற எண்ணம் கேவலாத்துவிதத்திலிருந்து (ஆன்மாவும் பிரமமும் ஒன்றே என்னும் சங்கரரின் கொள்கையிலிருந்து) வந்து கலந்தது.