புண்ணாக்கில் மிஞ்சியிருப்பது

போன மாதம் எங்கள் அத்தை, வாட்ஸ்அப்பில் வந்த காணொளி ஒன்றைக் காட்டி, "ஏம்ப்பா, நீ வேலை பாத்த ஆலையில பெட்ரோலை ஊத்தித்தான் எண்ணெய் எடுத்தீங்களாமே, நெசமா?" என்று கேட்டார். அதில் பாதி உண்மை இருந்ததால் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. சால்வன்ட் ஆலை, அதாவது கரைப்பானைக் கொண்டு எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ஆறு ஆண்டுகள் ஷிப்ட் பார்த்தவன் நான். அத்தைக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஆலையில் எண்ணெயைக் கரைத்தெடுக்கப் பயன்படுத்திய ஹெக்சேன், பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் திரவம்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை. எண்ணெயை நன்றாகக் கரைக்கும், புரதத்தையும் மாவுச்சத்தையும் தொடாது, 65 முதல் 69 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே ஆவியாகிவிடும் என்பவையே அதைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள். சோயா மொச்சையை உடைத்து, வேகவைத்து, கால் மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமனில் அவல்போல் தட்டி, நகரும் படுகையில் பரப்பி, அதன்மேல் ஹெக்சேனை மழைபோலத் தெளிக்கிறார்கள். எண்ணெய் கரைந்து வடியும் கலவைக்கு ஆலையில் மிசெல்லா என்று பெயர். அதைச் சூடாக்கினால் ஹெக்சேன் ஆவியாகிப் பிரிந்துபோகும். ஆவியைக் குளிரவைத்து மறுபடியும் அதே படுகைக்கு அனுப்புவார்கள். எண்ணெயில் கடைசியாக ஒட்டியிருக்கும் ஹெக்சேனை வெற்றிடத்தில் நீராவி செலுத்தி விரட்டுவார்கள். ஹெக்சேனைக் காசு கொடுத்து வாங்கும் முதலாளி அதை எண்ணெயோடு சேர்த்து விற்றுவிட விரும்பமாட்டார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு ஷிப்டிலும் நான் செய்த சோதனை ஒன்று இன்னும் கையில் பழக்கமாக இருக்கிறது. சிறிய பித்தளைக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி மூடி, மெல்லச் சூடேற்றிக்கொண்டே, இடையிடையே பட்டாணி அளவுள்ள சுடர் ஒன்றை உள்ளே காட்டி எடுக்க வேண்டும். ஹெக்சேன் கணிசமாக மிஞ்சியிருந்தால் நூறு டிகிரியைத் தாண்டும் முன்பே 'பக்'கென்று ஒரு நீல மினுக்கம் ஓடி மறையும். சுத்திகரித்த சால்வன்ட் எண்ணெய் 250 டிகிரிவரை அப்படி மினுக்கக் கூடாது என்பதும், கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஹெக்சேன் இருக்கக் கூடாது என்பதும், சுத்திகரிக்காத சால்வன்ட் எண்ணெயைச் சமையலுக்கு விற்கவே கூடாது என்பதும் நம் நாட்டு விதிகள்.

ஹெக்சேனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்து சாப்பிடுபவருக்கு இருப்பதைவிட ஆலைக்குள் நிற்பவருக்கே அதிகம் என்கிறேன். 1960களில் ஜப்பானில், ஹெக்சேன் கலந்த பசையால் செருப்பு ஒட்டியவர்கள் பலர் நாள்தோறும் அந்த ஆவியைச் சுவாசித்துக் கை, கால் நரம்புகள் செயலிழந்து நடக்க முடியாமல் போனார்கள். 1981 பிப்ரவரி 13 அன்று அதிகாலையில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா ஆலை ஒன்றிலிருந்து சாக்கடைக்குள் கசிந்த ஹெக்சேன் தீப்பற்றி, இரண்டு மைலுக்கும் மேலான நீளத்துக்குத் தெருக்கள் வெடித்துப் பிளந்தன. கரைப்பானைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் கேடு வரும். தீப்பற்றாது என்ற ஒரே காரணத்துக்காக டிரைகுளோரோஎத்திலீனைக் கொண்டு எடுத்த சோயாப் புண்ணாக்கைத் தின்ற மாடுகள், எலும்பு மஜ்ஜை கெட்டு, ரத்தம் கசிந்து செத்தன. அந்தக் கரைப்பானை 1950களில் அமெரிக்கா கைவிட்டது. பயப்படுவதென்றால் இவற்றுக்குப் பயப்படலாம்.

"அப்படியென்றால் செக்கிலேயே ஆட்டிக்கொண்டால் என்ன?" என்று கேட்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெயை இட்லிப்பொடிக்கு ஊற்றிக்கொள்பவன்தான் நானும். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 100 கிலோ கடலைப் பருப்பில் 45 கிலோ எண்ணெய் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், செக்குப் புண்ணாக்கிலேயே 6 கிலோ தங்கிவிடும். அதை மாடு தின்று பாலாகத் தரும் என்பதால் கடலைக்கு அது பெரிய நட்டமில்லை. சோயாவில் இருப்பதே 18 கிலோதான். எக்ஸ்பெல்லர் என்ற பிழியும் இயந்திரத்தில் இறுக்கிப் பிழிந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு புண்ணாக்கிலேயே நின்றுவிடும். மாவாக இருக்கும் தவிட்டைப் பிழிவது இன்னும் சிரமம். அரிசி ஆலையிலிருந்து வெளியே வந்த சில மணி நேரத்திலேயே தவிட்டுக்குள் இருக்கும் நொதி எண்ணெயைக் காறவைக்கத் தொடங்கிவிடும். சால்வன்ட் இல்லையென்றால் தவிட்டெண்ணெய் என்ற ஒன்று நம் கடைகளுக்கு வந்தே இருக்காது. சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இதைப் பேசாமல் செக்கைப் பற்றி மட்டும் பேசுவது வசதியுள்ளவர்களின் பேச்சாகவே எனக்குப் படுகிறது.

எண்ணெயைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். எண்ணெய் போனபின் மிஞ்சுவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "உனக்கு ஒரு புண்ணாக்கும் தெரியாது" என்று திட்டுகிற மொழி நம்முடையது. அந்தப் புண்ணாக்கில்தான் புரதம் இருக்கிறது. கடலைப் பருப்பில் நூற்றுக்கு 25 பங்காக இருந்த புரதம், எண்ணெய் முழுக்கப் போனபின் ஏறத்தாழ 45 பங்காகிவிடும், ஆலையில் டி.ஓ.சி. என்று சொல்லி மூட்டை கட்டுவது இதைத்தான். ஹெக்சேனை விரட்ட இந்த மாவை நீராவியில் வறுக்கும்போது, சோயாவில் இருக்கும் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் பெரும்பாலும் அழிந்துவிடும். வறுவல் மிஞ்சினால் புரதம் தண்ணீரில் கரையாது. ஆகவே புரதப் பொடிக்கான மாவை மட்டும் அதிகம் சுடவிடாமல் ஹெக்சேனை நீக்கி, லேசான காரநீரில் கரைத்து, பின் அமிலம் விட்டுத் திரியவைப்பார்கள். எலுமிச்சை பிழிந்து பாலைத் திரியவைப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர் டப்பாவில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் சோயா ஐசொலேட் என்ற புரதப் பொடியும், நாம் குருமாவில் போடும் சோயா உருண்டையும் பெரும்பாலும் ஹெக்சேனால் எண்ணெய் நீக்கிய மாவிலிருந்து வந்தவையே. எண்ணெய்க்கு மட்டும் ஹெக்சேன் விஷம், புரதத்துக்கு அது ஆரோக்கியம் என்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இது புதிதாகத் தோன்றிய யோசனையும் அல்ல. மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் நீக்கிய கடலை மாவு முக்கால் பங்கும் பொட்டுக்கடலை மாவு கால் பங்குமாகச் சேர்த்து, உயிர்ச்சத்துகளும் கலந்து, ஏழைப் பிள்ளைகளுக்கான பல்பயன் உணவு ஒன்றை அந்தப் பத்தாண்டிலேயே உருவாக்கியது. அதன் முதல் இயக்குநரான வி. சுப்ரமணியன்தான் பின்னாளில் நம் திருவாரூரில் நெல் பதனிடும் ஆய்வு மையத்தை நடத்தியவர். கடலைப் புரதத்தைப் பாலோடு சேர்த்து மில்டோன் என்ற பானத்தையும் அதே நிலையம் உருவாக்கிக் காட்டியது. இவற்றில் எதுவும் நம் அடுப்படிக்கு வந்து நிலைக்கவில்லை.

மாட்டுத்தீவனம் என்ற இளக்காரம் அதற்கு ஒரு காரணம். மற்றொன்று பூஞ்சை நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் தின்று செத்தபோதுதான் அஃப்ளாடாக்சின் என்ற பெயரே பிறந்தது. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அந்த நஞ்சு நீங்கிவிடும். புண்ணாக்கில் அப்படியே நின்றுவிடும். செக்கெண்ணெயிலும் மண்டியோடு கொஞ்சம் வரலாம். எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவைக்கும் நம் வழக்கம் இந்த நஞ்சையும் சிதைக்கிறது என்று மைசூர் ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். நம் ஆட்கள் எதற்காகச் செய்தார்களோ, பலன் கிடைத்தது.

ஆகவே கடலை மாவை மனிதர் தின்னும் தரத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், கவனம் ஹெக்சேனுக்கு முன்பே, களத்தில் தொடங்க வேண்டும். எங்கள் ஆலைக் கொட்டகையில் சில பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து, சுருங்கிய, கறுத்த, பூஞ்சை பிடித்த பருப்புகளைக் கையால் பொறுக்குவார்கள். மூட்டைக் கணக்கில் கூலி. வேகமாகப் பொறுக்கினால் இரண்டு மூட்டை, நிதானமாகப் பொறுக்கினால் ஒன்று. ஏற்றுமதிப் பருப்புக்கு மட்டுமே அந்த வேலை நடந்தது. அவர்கள் ஒதுக்கிய கறுத்த பருப்பு மாலையில் எண்ணெய் ஆட்டுவதற்கே போனது. எண்ணெயைச் சுத்திகரித்துவிடுவார்கள், புண்ணாக்கு மாட்டுக்குத்தானே என்றார்கள். அத்தையின் தொழுவத்துத் தொட்டியில் ஊறுவது எந்தக் கடலையின் புண்ணாக்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, விற்பவரும் சொன்னதில்லை.