பகலில் தூங்க வேண்டியவரின் வீடு

அக்கா வீடு தங்கச்சிமடத்தில், கடலுக்குப் பக்கத்திலேயே. சிமெண்ட் சீட் போட்ட ஒற்றை அறை. மச்சான் நாட்டுப்படகில் சாயங்காலம் போய் விடியக் கரை திரும்புகிறவர். மீனைப் போட்டு, வலையை அலசி, சாப்பிட்டு முடிக்கப் பத்து மணி ஆகிவிடும். அவர் படுக்கும் நேரமும் சீட் கொதிக்கத் தொடங்கும் நேரமும் ஒன்றுதான்.

போன வருஷம் கத்திரி வெயிலில் மதியம் அங்கே போனேன். கட்டில் மேல் நின்று சீட்டைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. மச்சான் உள்ளே இல்லை, கரையில் ஏற்றியிருந்த வள்ளத்தின் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். ராத்திரி மறுபடி கடலுக்குப் போகணும், தூக்கம் கெட்ட கண்ணோடு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

கடலோரம்தானே, காற்று வருமே என்பார்கள். வரும், ஈரத்தோடு வரும், வேர்வை காயாது, வேர்வை காயாமல் உடம்பு எப்படிக் குளிரும்? வெப்ப அலையா என்று பார்க்க வானிலைத் துறை சமவெளிக்கு 40 டிகிரியும் கடலோரத்துக்கு 37 டிகிரியும் வைத்திருக்கிறது. அதுவும் வெளியே நிழலில் எடுக்கிற அளவு. சீட்டுக்கு அடியில் படுத்திருப்பவரின் சூடு எந்தக் கணக்கிலும் இல்லை.

கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடி கான்கிரீட் வீடு கட்ட 3.5 லட்சம் தருகிறார்கள். ரொம்ப நல்லது. தீக்கும் புயலுக்கும் பயந்து ஓலைக்குள் இருந்தது போதும். ஆனால் மொட்டையாக விட்ட கான்கிரீட் பகல் வெயிலைக் குடித்துவைத்து ராத்திரி முழுக்கக் கக்கும். பகலில் மச்சான் பட்டதை ராத்திரியில் பிள்ளைகள் படுவார்கள். அந்தப் பணத்தோடு தளத்துக்கு வெள்ளைப் பூச்சுக்கும், எதிரெதிரே இரண்டு ஜன்னலுக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தெலங்கானா 2023லேயே வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. நம் அரசும் 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்றால் கூரையிலிருந்துதானே தொடங்கணும்?

இந்த மாசியில் நானும் அக்கா மகனும் சீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தயவுசெய்து சீட் மேல் ஏறாதீர்கள், உடைந்துவிடும். காய்ந்த சீட்டைச் சுரண்டவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஏணியைச் சாய்த்து, நீளக் கம்பில் பிரஷைக் கட்டி இரண்டு தடவை அடித்தோம். வீடு குளுகுளு என்று ஆகிவிடவில்லை. ஆனால் மச்சான் இப்போது மதியம் வரைக்கும் உள்ளேயே தூங்குகிறார். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும், அடுத்த மாசியில் மறுபடி அடிக்கணும்.