மழைக் கவிதைக்குக் குழிப்பந்துக் காசு

சரி, மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். குழுவில் வந்த அந்த அழைப்பிதழுக்குக் கீழே நான் போட்டது நாலே வரி. அதற்கு வந்த விளக்கங்களைச் சேர்த்தால் ஒரு குறுநாவல் தேறும். எந்த அமைப்பு, எந்தக் குழு என்று உள்பெட்டியில் வந்து கேட்காதீர்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: சிங்கப்பூரின் மழை, மரம், பறவைகளைப் பற்றிய தமிழ்க் கவிதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போடப்போகிறார்கள். நல்ல காரியம், கைதட்டுகிறேன். அதற்கு நிதி திரட்ட ஒரு கோல்ஃப் போட்டி. அழைப்பிதழில் 'குழிப்பந்தாட்டம்' என்று அந்த ஒரு சொல் மட்டும் அழகு தமிழில். மற்றதெல்லாம் ஆங்கிலம்.

நான் கேட்டது ஒன்றுதான். மரத்தைப் பாடுகிற புத்தகத்துக்கு, மரத்தை எடுத்துவிட்டுப் புல் வளர்த்த இடத்திலிருந்தா காசு வரவேண்டும்? நடந்து திரட்டலாமே. வண்டி ஓடாத பழைய ரயில் பாதை 24 கிலோமீட்டர் சும்மா கிடக்கிறது. வழியில் நாலு இடத்தில் நின்று கவிதை வாசிக்கலாம்.

அதற்கு ஓர் அண்ணன், மேடையில் என் தோளைத் தட்டிப் பேசுகிறவர்தான், எழுதினார்: "300 பேர் படிக்கிற இலக்கியத்துக்கு நடந்தால் காசு வருமாம்மா?" கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற அந்த மஞ்சள் முகம். பதினொரு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். எண்ணினேன்.

300 என்ற கணக்கை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் முதல் தொகுப்பு 300 பிரதிதான் அடித்தது. அதில் 140 இன்னும் ஈசூன் வீட்டில் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. சின்ன நாடு, அதில் சின்ன மொழி, வாசகர்கள் கைவிரலில் அடங்குவார்கள், எல்லாம் சரி. ஆனால் 1887இலேயே இங்கே 'சிங்கை நேசன்' வார இதழ் வந்துவிட்டது. அதே ஆண்டு சதாசிவ பண்டிதர் சிங்கை நகர் அந்தாதி பாடிவிட்டார். இந்த ஊரின் முதல் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1891இல். அதுவும் எங்கே? நம் லிட்டில் இந்தியா பக்கத்தில், ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில். ஆக, இங்கே தமிழ் இலக்கியம் கோல்ஃபைவிட நாலு வயது மூத்தது அண்ணே. தம்பியிடம் போய்க் கையேந்த வேண்டுமா?

அப்புறம் நிலக் கணக்கு. 2014இல் அரசாங்கமே சொன்னபடி கோல்ஃப் மைதானங்கள் பிடித்திருந்தது சுமார் 1,500 ஹெக்டர், அதாவது நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 2 விழுக்காடு. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி முழுக்கச் சேர்த்தே 163 ஹெக்டர்தான். நாம் பாடுகிற மரமெல்லாம் இந்த 163இல் நிற்கிறது. நமக்கு நன்கொடை வரப்போவது அந்த 1,500இலிருந்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைக் குழுவில் எழுதியபோது ஒருவரும் படித்த மாதிரி தெரியவில்லை. 1990களின் தொடக்கத்தில் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் கோல்ஃப் மைதானம் கட்டத் திட்டம் இருந்தது. இயற்கைச் சங்கத்துக்காரர்கள் அந்தக் காட்டில் நடந்து, அங்கே என்னென்ன செடி, என்னென்ன உயிர் என்று கணக்கெடுத்து, 1992இல் ஓர் அறிக்கையாகவே போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். திட்டம் நின்றது. காடு இன்னும் இருக்கிறது. அதற்கு முன்னால் சுங்கை பூலோ சதுப்புநிலத்தைக் காப்பாற்றியதும், 1986இல் எழுதிக் கொடுத்த ஒரு பரிந்துரையில் தொடங்கியது. ரயில் பாதையும் அப்படித்தான், வண்டி நிற்பதற்கு முன்பே, 2010இல், இதைப் பசுமைத் தடமாக விடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் எழுத்து. கொஞ்சப் பேர் எழுதி, கொஞ்சப் பேர் படித்த எழுத்து. 300 பேர் படித்தால் என்ன நடக்கும் என்று கேட்கிறவர்கள் ஒருநாள் லோவர் பியர்ஸ் போய் நிழலில் நின்று பார்க்கட்டும்.

இப்போது சொந்தக் கதை. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். என் அப்பா பதினெட்டு வருஷம் ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டினார். விடியற்காலை ஐந்துக்குச் சைக்கிளில் கிளம்புவார். குழியைச் சுற்றியுள்ள புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு, தாடி மழிக்கிற மாதிரி, தினமும் வெட்ட வேண்டும். களை வரக்கூடாது, புழு வரக்கூடாது, மஞ்சள் தட்டக்கூடாது. அதனால் மருந்து. அவர் சட்டையை அம்மா தனி வாளியில்தான் ஊறவைப்பார். துவைத்த பிறகும் அக்குளில் அந்த மருந்து வாசம் போகாது. இன்றைக்கும் புல் மருந்து அடித்த இடத்தைக் கடந்தால் எனக்கு அப்பா ஞாபகம்தான் வருகிறது. பூ வாசத்தில் அப்பாவை நினைக்கிற கவிஞர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆடுகிறவர்கள் போட்டுவிட்டுப் போன மதிப்பெண் அட்டைகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். கூடவே அந்தக் குட்டிப் பென்சில்கள், விரல் நீளம்கூட இல்லாதவை, பின்னால் அழிப்பான் கிடையாது. அட்டையின் ஒரு பக்கம் யாரோ ஒருவருடைய பதினெட்டுக் குழிக் கணக்கு. மறுபக்கம் அப்பாவின் வெண்பா. அழிக்க முடியாததால் தளை தட்டினால் அப்படியே அடித்துவிட்டு அடுத்த அட்டையை எடுப்பார். தமிழ் முரசில் இரண்டு வந்தன. அந்த நாளிதழ்த் துண்டுகள் என்னிடம் இருக்கின்றன. அந்த கிளப்பின் முன்வாசல் வழியாக அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை.

அதனால் "உனக்கு ஆடத் தெரியாது, பொறாமை" என்று எழுதிய தம்பிக்கு: ஆமாம். பொறாமைதான். அந்தப் புல்லின் உயரம் என்னவென்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அந்தப் பொறாமை.

இனி, வரப்போகிற கேள்விகள். கோல்ஃப் மைதானமும் பச்சைதானே, பறவை வருகிறதே என்பார்கள். பறவை என் வீவக அடுக்குமாடி வீட்டு ஏசி மேல்கூட வருகிறது, அதற்காக ஏசியைக் காடு என்று சொல்லமாட்டேன். மூடப்பட்ட கோல்ஃப் மைதானங்களில் வீடுதானே கட்டுகிறார்கள், அது மட்டும் பசுமையா? நியாயமான கேள்விதான், நேரான பதில் என்னிடம் இல்லை. வீட்டில் நாலு பேர் படுக்கலாம் என்பது மட்டும் தெரியும். அப்படியானால் விளையாட்டே வேண்டாமா? நானே பேட்மிண்டன் ஆடுகிறேன். ஒரு மாலைக்கு மூன்று இறகுப்பந்து போகும், ஒவ்வொன்றிலும் பதினாறு இறகு, வாத்து கொடுத்தது. பிளாஸ்டிக்குக்கு மாறினால் அது வேறு பாவம். காலால் ஆடுகிற செபாக் தக்ராவுக்கு அந்தக் காலத்தில் பிரம்புப் பந்து, இப்போது அதுவும் செயற்கை நார். எந்த விளையாட்டும் கை கழுவிய விளையாட்டு இல்லை. ஆனால் பதினாறு இறகுக்கும், மருந்தில் குளிக்கிற பல ஹெக்டர் புல்லுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறதா இல்லையா? ஓடுவதற்கும் நடப்பதற்கும் ஒரு ஜோடிச் செருப்பு போதும், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"நீ மட்டும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு விமானம் ஏறலாமா?" என்று ஒருவர் கேட்டார். போகிறேன், வருஷம் ஒருமுறை, மலிவு விமானத்தில், சாப்பாடுகூட வாங்காமல். அது வேறு. எப்படி வேறு என்று இன்னொரு பதிவில் எழுதுகிறேன், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.

உண்மையைச் சொன்னால் கோல்ஃப் கூட அவ்வளவு உறுத்தவில்லை. அந்தச் சிரிப்பு முகம்தான் உறுத்துகிறது. வேறு யாராவது நம்மை 300 பேர் என்று சிரித்தால் நாம் எல்லோரும் கச்சை கட்டிக்கொண்டு பதில் எழுதியிருப்போம். சிரித்தது நம் ஆள். அந்த 300இல் ஒருவர். என் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டவர். படிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது, ஏனென்றால் இரண்டாவது கவிதையே அப்பாவின் பென்சிலைப் பற்றியது.

போகட்டும். போட்டி நடக்கட்டும், புத்தகமும் வரட்டும். அதற்குக் கொடுத்திருந்த என் கவிதை இரண்டையும் திருப்பி எடுத்துக்கொண்டேன், மின்னஞ்சல் போய்விட்டது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் நிற்பேன். தலைக்குப் பத்து வெள்ளி, அது அப்படியே அச்சகத்துக்கு. இதுவரை நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெயில் என்றால் வரமாட்டேன் என்றும் அதில் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

கட்டைவிரல் தூக்கிய பதினொரு பேரில் ஒருவர் நேற்று இரவு தனியாகச் செய்தி அனுப்பினார். "நல்ல யோசனைக்கா, நானும் வர்றேன். வண்டியை எங்கே பார்க் பண்றது?"

கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வரச் சொல்லியிருக்கிறேன். நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இன்னும் இல்லை.