ஷோஸ்டகோவிச் யாருக்குப் பிரச்சாரம் செய்தார்?

எங்கள் கோரஸ் கமிட்டியின் மின்னஞ்சலை வியாழக்கிழமை இங்கே பகிர்ந்திருந்தேன், பார்த்திருப்பீர்கள். உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்திருக்கும் இன்றைய சூழலுக்கு ரஷ்ய இசை பொருத்தமாக இருக்காதாம். அதனால் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் 13ஆம் சிம்பொனி கிடையாது, அதற்குப் பதில் ஆங்கில இசையமைப்பாளர் எல்கர். பாடுகிறவர்களில் ஒருத்தரிடம்கூடக் கேட்கவில்லை. சரி, கமிட்டி என்றால் அப்படித்தான்.

ஆனால் எதை நீக்கினோம் என்று ஒரு நிமிடமாவது பார்த்தார்களா? உக்ரைன் தலைநகர் கியெவில் இருக்கும் பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 என்று இரண்டே நாளில் நாஜிகள் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். போர் முடிந்து பல வருடம் ஆகியும் அங்கே ஒரு நினைவுக்கல் நட சோவியத் அரசுக்கு மனம் வரவில்லை. அதைக் குத்திக்காட்டி ரஷ்யக் கவிஞர் யெவ்துஷென்கோ 1961இல் கவிதை எழுத, ஷோஸ்டகோவிச் அதையும் அவருடைய வேறு கவிதைகளையும் சேர்த்து ஒரு பாஸ் (அடிக்குரல்) பாடகர், ஆண்கள் கோரஸ், ஆர்கெஸ்ட்ரா என்று சிம்பொனியாக்கினார். 1962 டிசம்பர் 18, மாஸ்கோவில் முதல் கச்சேரி. அவருடைய எத்தனையோ சிம்பொனிகளை அரங்கேற்றிய இசை நடத்துனர் ம்ராவின்ஸ்கி இதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார், கோந்த்ராஷின் நடத்தினார். பாடகரும் கடைசி நேரத்தில் மாறி கிரோமாட்ஸ்கி பாடினார். அப்புறம் வரிகளை மாற்றச் சொல்லி அதிகாரிகள் நெருக்கினார்கள், கவிஞர் மாற்றியும் கொடுத்தார். கிரெம்ளினுக்குப் பிடிக்காத பாட்டை, கிரெம்ளினைக் கண்டிக்கிறோம் என்று சொல்லி நீக்கியிருக்கிறார்கள்! 2022 மார்ச் 1 அன்று ரஷ்ய ஏவுகணை தாக்கிய டிவி கோபுரம் அந்த பாபி யாரை ஒட்டித்தான் இருக்கிறது. இதை இப்போது பாடாமல் எப்போது பாடுவது?

உக்ரைன்காரர்களே ரஷ்ய இசை வேண்டாம் என்கிறார்களே என்பீர்கள். தெரியும். அவர்களுடைய அன்றைய கலாச்சார அமைச்சரே 2022 டிசம்பரில், போர் முடியும்வரை சாய்கோவ்ஸ்கியைக்கூட நிறுத்திவைக்கச் சொன்னார். வீட்டின் மேல் குண்டு விழுந்தவருக்கு அந்த மொழியே காதில் விழக் கூடாது என்று தோன்றினால் நான் யார் மறுக்க? கார்டிஃப் ஆர்கெஸ்ட்ரா ஒன்று 2022 மார்ச்சில் சாய்கோவ்ஸ்கியின் 1812 ஓவர்ச்சரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கியபோதும் நான் முணுமுணுக்கவில்லை. பீரங்கி வெடித்து ரஷ்ய வெற்றியைக் கொண்டாடும் இசை அது, அந்த மாதத்தில் யாருக்கு வேண்டும். அது வேறு, இது வேறு. இது செத்தவர்களுக்காக அழுகிற பாட்டு, செத்தவர்கள் கியெவ்காரர்கள். இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அரசியல் வேண்டாம், இசையை மட்டும் பார் என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இந்த சிம்பொனியில் அரசியலை எடுத்துவிட்டால் மணியோசைதான் மிஞ்சும்.

கோடை முழுக்க இந்த ரஷ்ய உச்சரிப்போடு மல்லுக்கட்டியிருக்கிறேன் ஐயா. வேலை முடிந்து திரும்பும் ரயிலில் நோட்டை விரித்து ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் எழுதிவைத்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் அதை ரஷ்ய எழுத்து என்றே நினைத்திருப்பார்கள். இகரமும் இல்லாமல் உகரமும் இல்லாமல் ஒரு ஒலி உண்டு, பாஸ் வரிசையில் எல்லோரும் திணற, நம் குற்றியலுகரத்தை வைத்து நான் சமாளித்தேன். கடையில் பொருள் வாங்க வரிசையில் நிற்கும் பெண்களைப் பற்றிய மூன்றாம் பகுதியைப் பாடும்போதெல்லாம் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேனோடு நின்ற அம்மா ஞாபகம்தான். அந்தப் பெண்களை எடையில் ஏமாற்றுவது வெட்கக்கேடு என்று ஒரு கோரஸே எழுந்து நின்று பாடுகிறது, நினைத்துப் பாருங்கள்.

கமிட்டிகூடப் பரவாயில்லை. வியாழக்கிழமை பதிவின் கீழே நம்மாட்கள் எழுதியதுதான் தாங்கவில்லை. 'வெள்ளைக்காரன் பஜனையில் உனக்கென்னப்பா வேலை'. இன்னொரு அண்ணன், என்சிபிஎச் (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) புத்தகக் கண்காட்சியில் மலிவு விலைக்கு ரஷ்யப் புத்தகம் வாங்கிப் படித்தவனுக்கு மாஸ்கோ பாசம் போகாது என்று கண்டுபிடித்திருக்கிறார். ஆமாம் அண்ணே, வாங்கினேன், படித்தேன். இங்கே ஒத்திகையில் என்னைப் பார்த்து 'உங்கள் ஊர் பாட்டு ஒன்று பாடேன்' என்கிறார்கள், ஊரில் கேட்டால் இது உன் பாட்டு இல்லை என்கிறீர்கள். அப்போது எந்தப் பாட்டைத்தான் நான் பாட? அதற்கும் ஒரு கமிட்டி போட்டுச் சொல்லிவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை எல்கர் ஒத்திகை. போகப்போகிறேனா என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு: போவேன், தேநீர் இடைவேளையில் தலைவரிடம் இதையெல்லாம் ஆங்கிலத்தில் கேட்கவும் போகிறேன். புடின் எவ்வளவு கொடுத்தார் என்று கமெண்ட் போடுகிறவர்களை பிளாக் செய்வேன், இப்போதே சொல்லிவிட்டேன்.