முதலை இல்லை என்று இன்னொரு தடவை சொல்கிறேன்

அறிவியல் கண்காட்சியில் நடந்தது நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்: என்னிடம் டியூஷன் படிக்கிற பெண் களிமண்ணில் ஒரு மண்டையோடு செய்து வைத்தாள், நடுவர் அதை முதலை என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். படங்களையும் பார்த்துவிட்டீர்கள். நடுவரின் பெயரையோ பள்ளியின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை, கமெண்டில் யாரும் எழுதவும் வேண்டாம். மதிப்பெண் தாளில் இருந்த அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச்சு. "கண்களின் இடம் தவறு. முதலைக்குக் கண் பின்னால் இருக்கும்."

முதலைக்குக் கண் பின்னால்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் செய்து வைத்தது முதலை இல்லை.

அது மெட்டோபோசாரிட் குடும்பத்து விலங்கின் மண்டையோடு. டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியில், இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆறு குளங்களில் கிடந்த பெரிய இருவாழ்வி. இரண்டு மூன்று மீட்டர் நீளம், தட்டையான தலை, அந்தத் தலையின் முன்பாதியில் மூக்கை ஒட்டினாற்போல் இரண்டு கண்கள். இந்தக் குடும்பத்தை அடையாளம் காண முதலில் பார்ப்பதே அந்தக் கண் இருக்கும் இடத்தைத்தான். அவள் அதைச் சரியாக வைத்தாள். சரியாக வைத்ததற்குத்தான் சிவப்பு மை விழுந்தது.

அந்தக் களிமண் உருவத்தை எத்தனை பேர் கிட்டப் போய்ப் பார்த்தீர்கள்? மேல்பரப்பு முழுக்கத் துடைப்பக் குச்சியால் குழி குழியாகக் குத்தியிருந்தாள், ஏனென்றால் அந்த எலும்பு அப்படித்தான் இருக்கும். கண்ணைச் சுற்றி நகத்தால் சின்னச் சின்ன வாய்க்கால் கீறியிருந்தாள். மீனுக்கு உடம்பில் நீரின் அசைவை உணரும் கோடு ஓடுகிறதே, அதே உறுப்பு இதன் மண்டையில் பதித்துவிட்டுப் போன தடம் அது. முதலைக்கு அது கிடையாது. பின்புறம் திருப்பிப் பார்த்தால் கழுத்தெலும்போடு சேருகிற இடத்தில் இரண்டு குமிழ்களை ஒட்டியிருந்தாள். முதலைக்கு அங்கே ஒரே குமிழ். பல்லிக்கும் பாம்புக்கும் பறவைக்கும் ஒன்றுதான். தவளைக்கு இரண்டு. (நமக்கும் இரண்டுதான், அது வேறு வழியில் வந்தது.) நடுவர் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. "இதி மொசலே கதா" (இது முதலைதானே) என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவள் "இல்ல சார்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

என்னிடம் டியூஷன் படிக்கிற பெண் என்பதால் கோபப்படுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், கோபம்தான். அதனால் மண்டையோட்டில் குமிழ் இரண்டிலிருந்து ஒன்றாகிவிடாது.

"பார்க்க முதலை மாதிரி இருந்தால் முதலை என்றுதான் சொல்வார்கள், இதில் என்ன குற்றம்" என்று இன்னொருவர். பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது என்பதற்காகத்தானே வகைப்பாடு என்ற ஒன்றே இருக்கிறது? இந்த விலங்கு கிடைத்த அதே கோதாவரிப் பள்ளத்தாக்கில், ஆதிலாபாத் பக்கத்து மாலேரிப் பாறைகளில் பாராசூக்கஸ் என்ற இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. நீண்ட மூஞ்சி, வரிசையாகப் பல், அச்சு அசல் முதலை. ஆனால் மூக்குத் துளை மூஞ்சியின் நுனியில் இல்லை, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊர்வனதான், ஆனாலும் முதலை இல்லை. தண்ணீரில் பதுங்கிக் கிடந்து இரை பிடிக்கிற வாழ்க்கை யாருக்கு அமைந்தாலும் உடம்பு அந்த உருவத்துக்கு வந்துவிடுகிறது. உருவம் தொழிலைச் சொல்லும், குலத்தைச் சொல்லாது.

அவள் சார்ட்டில் அழகாக எழுதியிருந்தாள்: "இது தவளைக்குப் பாட்டன் இல்லை, பங்காளி." எவ்வளவு கவனமான வரி! தவளையின் மூதாதை எந்தக் கிளையில் வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. மெட்டோபோசாரிட்கள் நேர் மூதாதை இல்லை என்பதில் வாதம் இல்லை. வாதம் இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் பிரித்துத் தெரிந்துகொண்ட பிள்ளை அது.

கொஞ்சம் கனமான கேள்வியும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். "விஞ்ஞானிகளே பேரை மாற்றிக்கொண்டேதானே இருக்கிறார்கள்?" உண்மை. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராய் சௌத்ரி 1965-இல் இதை விவரித்தபோது மெட்டோபோசாரஸ் மாலேரியென்சிஸ் என்றார். 2002-இல் சென்குப்தா இதை ப்யூட்னேரியா என்ற பேரினத்துக்கு (குடும்பத்துக்குள் வரும் சிறு பிரிவு) மாற்றினார். 2018-19 வாக்கில் சக்ரவர்த்தியும் சென்குப்தாவும் மண்டை எலும்புகளை ஒவ்வொன்றாக அளந்து, இது மற்ற நாட்டு இனங்களிலிருந்து விலகி நிற்கிறது என்று காட்டி, பாந்தசாரஸ் என்று தனிப் பேரினமே ஆக்கினார்கள். இரண்டு தடவை பேரினம் மாறியது. குடும்பம் ஒரு தடவையாவது மாறியதா? இல்லை. ஜெர்மனியில், போலந்தின் க்ராஷேயூவில், போர்ச்சுகலில், மொராக்கோவில், மடகாஸ்கரில், அமெரிக்காவில் கிடைத்ததெல்லாம் இந்த ஒரே குடும்பத்துக்குள்தான் வருகிறது. மாற்றியவர்கள் எல்லோரும் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றினார்கள். ஒருவரும் முதலை என்று எழுதவில்லை.

"கோதாவரி எங்கே, சத்தியவேடு எங்கே? ஆதிலாபாத் பக்கம் 2014-இலேயே தெலங்கானாவுக்குப் போயாச்சு, உங்களுக்கு என்ன" என்கிறவர்களுக்கு என்ன சொல்வது? நம் காலடியிலும் இருக்கிறது. சத்தியவேடு, ஸ்ரீபெரும்புதூர் பாறை அடுக்குகளில் டிலோஃபில்லம் இலைகளின் பதிவு கிடைக்கிறது, டிரையாசிக்குக்கு வெகுகாலம் பின்னால் வந்த கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தில் இருந்த செடி. நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் பக்கம் கிணறு வெட்டி மேலே போட்ட வெளிர் நிறக் கல்லில் அப்படி ஓர் இலையைப் பார்த்தேன். நடு நரம்பு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் போலச் சின்ன இலைகள். கழுவித் துடைத்து வகுப்புக்கு எடுத்துப் போனேன். "யாரோ ஆணியால் செதுக்கியிருக்கான்" என்றார் வாத்தியார். கல் ஜன்னலிலேயே கிடந்தது, அப்புறம் யார் எறிந்தார்களோ தெரியாது. அதற்குப் பிறகு நான் எந்தக் கல்லையும் பள்ளிக்கு எடுத்துப் போனதில்லை. அதனால்தான் அன்றைக்கு அந்த "இல்ல சார்" என்ற குரல் எனக்கு அவ்வளவு வலித்தது.

தமிழ் மீடியப் பிள்ளைகள் இந்த ஆந்திர எல்லையில் படிக்கிற பாடு உங்களுக்குத் தெரியும். புத்தகம் வரும்போது பாதி வருஷம் போயிருக்கும். அந்தப் பெண் சார்ட்டைத் தமிழில் எழுதி, நடுவருக்குப் புரியட்டும் என்று தலைப்புகளைத் தெலுங்கிலும் எழுதி வைத்தாள். இதற்கு மேல் ஒரு பிள்ளை என்னதான் செய்யும்?

மாலேரியில் கீழ் அடுக்குகளில் மெட்டோபோசாரிட்கள் கிடைக்கின்றன. மேல் அடுக்குகளுக்கு வந்தால் அவற்றைக் காணோம், சிகுடிசாரிட் என்ற வேறு குடும்பம் அந்த இடத்தில் இருக்கிறது. காம்ப்சோசெராப்ஸ், அப்புறம் குட்டிசெபாலஸ். பின்னது கோதாவரிப் பள்ளத்தாக்கில் காலமெல்லாம் எலும்பு தேடிய டி. எஸ். குட்டியின் பெயரால் வந்தது. மெட்டோபோசாரிட்கள் டிரையாசிக் முடிவதற்குள் அழிந்துபோயின. சிகுடிசாரிட்கள் ஆஸ்திரேலியாவில் கிரெட்டேசியஸ் வரை, நம் சத்தியவேட்டு இலைகளின் காலம் வரை தாக்குப்பிடித்தன. அங்கே கிடைத்த கூலாசூக்கஸை விக்டோரியா மாநிலம் 2022-இல் தன் மாநிலப் புதைபடிவச் சின்னமாகவே அறிவித்தது. அந்தக் குடும்பத்தின் இன்னும் பழைய உறுப்பினர்கள் இந்த மண்ணில் கிடைத்தவை. அங்கே அரசாங்கம் அதைச் சின்னமாக வைத்துக்கொள்கிறது. இங்கே அப்படி ஒன்றைப் பிசைந்து செய்த பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது. இதைக் கேட்டால் "சின்ன விஷயம், விடுங்க சார்" என்கிறீர்கள். எப்படி விடுவது?

நடுவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தின் பெயரைக் கேள்விப்படாமல் இருப்பது குற்றமே இல்லை. "இது என்னம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் அரை மணி நேரம் பேசியிருப்பாள். கேட்காமல் தீர்ப்பு எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கண்காட்சியை நடத்தியவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: பரிசு வேண்டாம். மதிப்பெண்ணைக் கூட்டவும் வேண்டாம், முதல் பரிசு வாங்கிய பையனின் நீர் வடிகட்டி நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தாளில் இருக்கிற "கண்களின் இடம் தவறு" என்ற வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். திங்கட்கிழமை காலை அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறேன். மண்டையோட்டையும் எடுத்து வருகிறோம், பின்பக்கம் திருப்பிப் பார்க்கலாம்.