கூட்டறதுக்கெல்லாம் மெடலாங்க?

குளிர்கால ஒலிம்பிக் வந்தாலே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோவும் வந்துவிடும். கர்லிங் என்கிற விளையாட்டு. வழவழவென்று பனித்தரை. அதில் ஒரு கல் மெதுவாக நகர்ந்து போகிறது. அதற்கு முன்னால் ரெண்டு பேர் குனிந்துகொண்டு சீமாறு மாதிரி ஒன்றால் மாங்கு மாங்கென்று தேய்த்துக்கொண்டே போகிறார்கள். கீழே ஒருத்தர், "எங்கூட்டு அம்மிணிய அனுப்பியிருந்தா தங்கமே வாங்கியிருக்கும்" என்று எழுதியிருப்பார். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். 2026 பிப்ரவரியில் இத்தாலியின் கோர்டினாவில் போட்டி நடந்தபோதும் அதே வீடியோ, அதே சிரிப்பு.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை. விளையாட்டு தெரியாமல் சிரிப்பதைக்கூட விட்டுவிடலாம். சீமாறைக் கையில் எடுத்தாலே அது மட்டமான வேலை, வீட்டுப் பொம்பளை வேலை என்று ஒரு கணக்கு நமக்குள் இருக்கிறது பாருங்கள், அதுதான் அங்கே சிரிக்கிறது. கர்லிங்கில் கூட்டுகிறவர்கள் எடுபிடிகள் இல்லை. பாதி ஆட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நான் முதலில் பார்த்தது என்னவோ அந்தக் கல்லைத்தான். கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறவனுக்குக் கண் வேறு எங்கே போகும்? கிட்டத்தட்ட இருபது கிலோ கிரானைட், மேலே ஒரு கைப்பிடி. எங்கள் பட்டறையில் கல் கொத்துகிற அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். ஊத்துக்குளிக்காரர். கல்லைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்: கணீரென்று வந்தால் நல்ல கல், சத்தம் அமுங்கினால் உள்ளே கீறல். அவரிடம் போனில் காட்டினேன். சிரிக்கவில்லை மனுஷன். போனை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏந் தம்பி, அந்தக் கல்லு தண்ணி குடிக்குமா?"

சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். கல்லுக்குள் தண்ணீர் இறங்கி உறைந்தால் விரிந்து, அடிப்பக்கம் பொரிந்து போய்விடும். அதனால்தான் ஒலிம்பிக்கில் ஆடுகிற கல்லுக்கு ஸ்காட்லாந்துக் கடலில் இருக்கிற எய்ல்சா கிரெய்க் என்கிற சின்னத் தீவின் கல்லைத் தேடிப் போகிறார்கள். அங்கே 'ப்ளூ ஹோன்' என்று ஒரு வகைக் கல் இருக்கிறது. தண்ணீரை ரொம்பக் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். பனியில் உரசுகிற அடிப்பாகத்துக்கு அது, மற்றக் கல்லோடு மோதுகிற உடம்புக்கு அதே தீவின் பச்சைக் கிரானைட். தீவில் ஆள் குடியிருப்பு கிடையாது, பறவைகள் சரணாலயம். வெடி வைக்கக் கூடாது என்பதால் ஏற்கெனவே உடைந்து கிடக்கிற பாறைகளைத்தான் சில வருஷத்துக்கு ஒரு தடவை படகில் ஏற்றி வருகிறார்கள். 1851லிருந்து கல் செய்கிற கேஸ் (Kays) என்கிற ஸ்காட்லாந்து நிறுவனம்தான் ஒலிம்பிக்குக்குக் கொடுக்கிறது. அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப வெலை எச்சா இருக்கும்" என்றதோடு முடித்துக்கொண்டார்.

அந்தக் கல்லின் அடி தட்டையானதும் இல்லை. நடுவில் குழிந்திருக்கும், ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம் மட்டும் பனியைத் தொடும். பனியும் பார்க்கிற மாதிரி வழுவழுப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன்னால் ஒருத்தர் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு பொடிப்பொடியாகத் தண்ணீரைத் தெளித்தபடியே பின்னால் நடந்து போவார். அந்தச் சொட்டெல்லாம் உறைந்து சின்னச் சின்னப் பொரியாக நிற்கும். அதன் தலைமேல்தான் கல் ஓடுகிறது.

இப்போது கூட்டுகிறவர்களுக்கு வருவோம். ஆடுகளம் நீளம் 45 மீட்டர் சொச்சம். ஒருத்தர் சறுக்கி வந்து, கைப்பிடியை லேசாகத் திருகிக் கல்லை விடுகிறார். விட்ட பிறகு அவர் கல்லைத் தொடக்கூடாது. அடுத்த இருபது, இருபத்தஞ்சு விநாடிக்குக் கல்லின் தலையெழுத்து அந்த ரெண்டு பேரிடம். தேய்த்தால் பனி துளியூண்டு சூடாகும், உராய்வு குறையும், கல் இன்னும் சில மீட்டர் கூடுதலாகப் போகும், வளைவதும் குறையும். தேய்க்காமல் விட்டால் சீக்கிரம் தளர்ந்து, அதிகமாக வளையும். கல் வேகமாக வந்துவிட்டால் அதை நிறுத்த அவர்களிடம் ஒரு வித்தையும் கிடையாது. அதனால் நல்ல அணியில் கல் விடுகிறவர் ஒரு இம்மி குறைவாகத்தான் விடுவார், மிச்சத்தைக் கூட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில். அவர்களும் சும்மா தேய்ப்பதில்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே வேகத்தைக் கணித்து, கல் எங்கே நிற்கும் என்று கத்திச் சொல்ல வேண்டும். ஒரு ஆட்டத்துக்குப் பத்து எண்டு, அதாவது சுற்று, ஒவ்வொன்றிலும் ஒரு அணிக்கு எட்டுக் கல். இதை ரெண்டு மணி நேரத்துக்கு மேல் செய்துவிட்டு அப்புறம் வீட்டு அம்மிணியைப் பற்றிப் பேசட்டும்.

(கல் ஏன் வளைகிறது என்பதற்கே இயற்பியல்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு டம்ளரைக் கவிழ்த்து மேஜைமேல் வலப்பக்கமாகச் சுழற்றித் தள்ளினால் இடப்பக்கம் போகும். பனியில் இந்தக் கல் நேர் எதிர்.)

கணக்குப் போடுகிற புத்தியும் இதில் எக்கச்சக்கம். ஆடுகளத்தின் அந்தக் கோடியில் வரைந்திருக்கிற வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் கிட்டத்தில் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் அந்த எண்டில் புள்ளி. கடைசிக் கல் கையில் இருப்பதுதான் பெரிய பலம், அதற்கு ஹேமர் என்று பெயர். புள்ளி எடுத்துவிட்டால் அடுத்த எண்டில் அது எதிராளிக்குப் போய்விடும். அதனால் ஒரே ஒரு புள்ளி கிடைக்கிற மாதிரி இருந்தால், வேண்டுமென்றே எல்லாக் கல்லையும் வெளியே தள்ளிவிட்டு, யாருக்கும் புள்ளி இல்லாமல் ஹேமரைக் கையிலேயே வைத்துக்கொள்வார்கள். ஒன்றை விடப் பூஜ்யம் மேல் என்று நினைக்கிற ஆட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

"அதெல்லாம் பனி பெய்யற ஊர்க்காரனுக்குத்தான்" என்பது அடுத்த வாதம். 2025ல் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் ஆண்கள் கர்லிங் தங்கம் யாருக்குப் போனது? பிலிப்பைன்ஸ். இறுதிப் போட்டியில் தென்கொரியாவை 5-3 என்று சாய்த்தார்கள். அதற்காக வெயில் ஊர்க்காரர்கள் சாதித்துவிட்டார்கள் என்று நான் கதை கட்டமாட்டேன், அந்த அணியில் பெரும்பாலோர் சுவிட்சர்லாந்தில் வாழ்கிற பிலிப்பைன்ஸ் வம்சாவளிக்காரர்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் கொரியாவின் உய்சோங். பூண்டு விளைகிற ஊர். மொத்தமே ஐம்பதாயிரம் வாக்கில்தான் ஜனம், அதிலும் வயசானவர்கள்தான் அதிகம். அங்கே 2006ல் ஒரு கர்லிங் அரங்கம் கட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய் ஆடினார்கள். அக்கா ஆட, அவருக்கு எதையோ கொடுக்கப்போன தங்கச்சியும் கல்லைப் பிடித்துக்கொண்டாள். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அந்தப் பெண்கள் வெள்ளி வாங்கினார்கள், 'பூண்டுப் பெண்கள்' என்று ஊரே கொண்டாடியது. அதே வருஷக் கடைசியில் பயிற்சியாளர்கள் தங்களை நடத்திய விதம், பரிசுப் பணம் ஒழுங்காக வந்து சேராதது எல்லாவற்றையும் வெளியே சொன்னார்கள். அரசு விசாரித்தது, உண்மை என்று தெரிந்தது. அப்புறம் அதே அணி திரும்பி வந்து 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் ஆடியது. மெடல் வாங்கியதைவிடப் பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

அதற்காகக் கோயம்புத்தூரில் ஒரு பனி அரங்கம் கட்டச் சொல்கிறேனா என்றால், சாமி, வேண்டவே வேண்டாம். வருஷம் பூராவும் தரையை மைனஸில் வைக்க ஆகிற கரண்டை நினைத்தாலே, பட்டறைக்கு மாசாமாசம் நிலைக்கட்டணம் கட்டுகிறவனுக்கு வயிறு கலங்கும். கர்லிங் நமக்கு வேண்டும் என்பதல்ல என் பேச்சு. பார்க்காமல் சிரிக்காதீர்கள் என்பதோடு சரி.

பார்க்கிறதென்றால் 2018 பெண்கள் அரையிறுதியைத் தேடிப் பாருங்கள், கொரியாவும் ஜப்பானும் ஆடியது. முதலிலிருந்து பார்க்கப் பொறுமை இல்லாவிட்டால் பத்தாவது எண்டிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். 7-7 ஆகிக் கூடுதல் எண்டுக்குப் போகும். கொரியக் கேப்டன் கிம் உன்-ஜுங், கண்ணாடி போட்டவர், ஆட்டம் பூராவும் "யோங்மி! யோங்மி!" என்று கத்திக்கொண்டே இருப்பார். அது கூட்டுகிற பெண்ணின் பெயர். ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு அர்த்தம், வேகமாகக் கூப்பிட்டால் வேகமாகத் தேய், இழுத்துக் கூப்பிட்டால் பொறு என்கிற மாதிரி. கடைசிக் கல்லை உன்-ஜுங்தான் விடுவார். அப்போது கல்லைப் பார்க்காதீர்கள், தேய்க்கிற ரெண்டு பேரின் முகத்தைப் பாருங்கள்.