இறுதிப்பாட்டுக்கு எழும்பும்போதே குடையைத் தேடுகிறோம்

நம்ம மலையகத்துச் சபைகளில் பிரசங்கத்துக்கு முந்திய பாட்டைத் தெரிவுசெய்யக் கொயர் (பாடகர் குழு) ஒரு வாரம் மண்டையை உடைக்கும். இறுதிப்பாட்டை மட்டும் காணிக்கை எடுக்கிற நேரத்தில் பாமாலையைப் புரட்டி, "இது எல்லாருக்கும் தெரியும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதனால்தான் காலை ஒன்பதரைக்கு முடிகிற ஆராதனையில் "என்னோடிரும், மா நேச கர்த்தரே" கேட்கிறது. பாட்டில் குறை இல்லை. ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் 1847இல், தன் ஆயுளின் கடைசி ஆண்டில், வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போன பாட்டு அது. அந்தியையும் மரணத்தையும் ஒன்றாக நிறுத்திப் பேசுகிறது. இருட்டாயிற்று என்று பாடிவிட்டு வாசலுக்கு வந்தால் தேயிலை மேல் சுள்ளென்று வெயில்! போதாததற்கு, நம்ம பக்கம் அது அடக்க ஆராதனைப் பாட்டாகவும் பழகிவிட்டது. முன்வரிசைக் கிழவிகள் சிலர் அந்த மெட்டு எழும்பினாலே கண்ணைத் துடைக்கிறார்கள். மாலை ஆராதனைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதிப்பாட்டு அனுப்பிவைக்கிற பாட்டு. தமிழில் யாரும் வீட்டைவிட்டுப் புறப்படும்போது "போறேன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்வோம். திருப்பலி முடிவில் குருவானவர் சொல்கிற "சென்று வாருங்கள்" அந்த வழக்கைச் சரியாகப் பிடித்திருக்கிறது. லத்தீன் மூலத்தில் வருதல் கிடையாது. "இத்தே, மிஸ்ஸா எஸ்த்" என்பது வெறும் போகச்சொல்லும் சொல். அந்த "மிஸ்ஸா"விலிருந்துதான் பூசைக்கு 'மாஸ்' என்ற ஆங்கிலப் பெயரே வந்தது. ஆகவே பாட்டு எடுக்கும்போது வார்த்தையைப் பாருங்கள். போவதும் வருவதும் இருக்கிறதா? சங்கீதம் 121இன் கடைசி வசனம், "உன் போக்கையும் உன் வரத்தையும்" என்பது, இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தக் கருத்துள்ள பாட்டு எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தும். திங்கட்கிழமை விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போகிற சனம் இது. அவர்களுக்கு வாரக் கடைசியில் "பிரிகிறோமே, பிரிகிறோமே" என்று ஒப்பாரி வேண்டாம்.

அடுத்தது அறிவித்தல்கள். ஆசீர்வாதம் கூறி, சபை தலைநிமிர்ந்த பிறகு செயலாளர் மைக்கைப் பிடித்து வாலிபர் கூட்டம், சங்க சந்தா, கல்லறைத் துப்புரவு என்று ஏழு நிமிடம் பேசுகிறார். அதோடு அனுப்புதல் செத்துப்போகிறது. கத்தோலிக்க முறையில் அறிவித்தலுக்கு இடமே ஆசீருக்கு முன்னால்தான். மற்றச் சபைகளும் அதைப் பின்பற்றினால் ஒரு சதமும் செலவாகாது. இன்னொன்று, கத்தோலிக்கத் திருப்பலி ஒழுங்கில் இறுதிப்பாட்டு என்று தனியாக ஒன்று எழுதிவைக்கப்படவில்லை. நாம் பாடுவது வழக்கத்தால். வழக்கம் என்றபடியால்தான் அது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பேன்.

எத்தனை கவி, அதாவது எத்தனை சரணம்? வரிக்கு எட்டு அசையாக நான்கு வரி உள்ள மெட்டில் ஒரு கவிக்கு 32 அசை. வரி முடிவில் மூச்சுக்கு இரண்டிரண்டு தட்டு சேர்த்தால் 40. நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் சரியாக 30 செக்கன். நான்கு கவி இரண்டு நிமிடம். இது தாராளம். நேரம் போய்விட்டது என்று குறைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கடைசிக் கவியை வெட்டுகிறார்களே, அதுதான் பெரிய பிழை. பெரும்பாலான பழைய ஞானப்பாட்டுகளில் முழுப் பாட்டும் ஏறி வந்து நிற்கிற இடம் கடைசிக் கவி. பிதா, சுதன், ஆவி மூவரையும் போற்றுகிற திரியேகத் துதியும் அங்கேதான் இருக்கும். முதலும் கடைசியும் வைத்து நடுவில் குறையுங்கள். நடுவிலும் வாக்கியம் ஒரு கவியிலிருந்து அடுத்ததற்கு ஓடுகிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டே வெட்டுங்கள்.

சுருதி விஷயத்தில் நுவரெலியாக் குளிரை மறக்கக்கூடாது. காலை ஏழு மணிக்குத் தொண்டை திறந்திருக்காது. பழைய நூறாம் சங்கீத மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (1551இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்தது, உலகம் முழுக்கத் துதிப்பாட்டுக்குப் பாடுவது). 'ஜி'யில் தொடங்கினால் நான்காம் வரியின் முதல் சுரமே மேல் 'டி', பாட்டின் உச்சி அதுதான். மூன்றாம் வரி ஆதார சுரமான 'ஜி'யில் முடிந்து, அங்கிருந்து ஒரே எட்டில் ஐந்து சுரம் மேலே தாவ வேண்டும். 'ஏ'யில் வைத்தால் உச்சி 'ஈ' ஆகும். ஆண்கள் பாதிப் பேர் கீழே விழுந்து வேறு வழியில் போவார்கள். ஆகவே சுருதி பார்க்கும்போது முதல் வரியைப் பாடிப் பார்ப்பதில் பயனில்லை. நான்காம் வரியைப் பாடிப் பாருங்கள். கீபோர்ட் வாசிக்கிற தம்பிமார் ட்ரான்ஸ்போஸ் பட்டனைப் பார்க்க வேண்டும். முதல் பாடின தனிப்பாட்டுக்குக் கூட்டிய மூன்று அரைச்சுரம் அப்படியே இருந்தால், அந்த உச்சி 'டி' இப்போது 'எஃப்'. சபை சேர்ந்து பாடுகிற சுரம் அல்ல அது.

முன்வாசிப்புக்கு முழு மெட்டும் வேண்டாம், கடைசி வரி போதும். ஹார்மோனியமானால் முதல் சுரத்தை அழுத்துமுன் துருத்தியில் காற்று நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் அசை தொய்ந்து, சபையும் அதோடு தொய்ந்தே தொடங்கும்.

மெட்டு மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. தெரியாத மெட்டுள்ள நல்ல பாட்டைத் தெரிந்த மெட்டில் பாடலாம், அசைக் கணக்கு பொருந்தினால். ஆனால் கணக்கு மட்டும் போதாது. சில மெட்டுகள் அடித்த தட்டில் தொடங்கும், சில தட்டுக்கு முன்னாலேயே ஒரு அசையைப் பாடித் தொடங்கும். "கர்த்தரே" என்ற சொல்லில் 'கர்த்'தும் 'ரே'யும் நெடிது நிற்கத்தக்கவை, நடுவில் உள்ள 'த' குறில். அந்தக் குறில் போய் அடித்த தட்டில் விழுந்தால் "கர்த்தாஆரே" என்று இழுபடும், சொல்லே உடையும். கொயர் வாயால் ஒருமுறை தாளம் போட்டுச் சொல்லிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

எனக்குக் கேட்டால், தோட்டச் சபைகளுக்கு மங்களம்தான் முதல் தெரிவு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாடின "சீரேசு நாதனுக்கு ஜெயமங்களம்" கலியாணத்துக்கு மட்டும் உரியது என்று யார் சொன்னது? கச்சேரியே மங்களத்தில் முடிகிற பண்பாடு நம்முடையது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிமார், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், தோட்டம் தோட்டமாக நடந்த காலத்திலும் சாஸ்திரியார் உயிரோடு இருந்தார். கீர்த்தனையின் வசதி என்னவென்றால், ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடலாம், புத்தகம் வேண்டியதில்லை. சனம் வெளியே போகப் போகப் பல்லவிக்குத் திரும்பித் திரும்பி நீட்டலாம். வாசல் காலியானால் எந்தப் பல்லவியிலும் நிறுத்தலாம். நான்கு வரிப் பாமாலைக் கவியை அப்படி நடுவில் நிறுத்த முடியாது.

கீர்த்தனை என்றால் டோலக் வரும். மழைக்காலத்தில் தோல் ஈரம் வாங்கித் தளர்ந்துவிடும். தொடக்கத்தில் அனலில் காட்டி இறுக்கியதெல்லாம் பிரசங்கம் முடிவதற்குள் இறங்கி, இறுதிப்பாட்டில் தொப்பு தொப்பு என்று கேட்கும். பிரசங்க நேரத்தில் இரண்டு முகத்தையும் கம்பளித் துணியால் மூடி வையுங்கள். கடைசி ஜெபத்துக்கு முன் வார்வளையத்தை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழையிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகிழக்கு மழையிலும் தகரக் கூரைமேல் விழுகிற சத்தத்தில் கீபோர்ட் பெட்டி எட்டாது. அந்த நாட்களில் வாத்தியத்தை விட்டுவிட்டு, எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டை எடுங்கள். புதுப்பாட்டுச் சோதனைக்கு அது நாளல்ல.

கொயர் ஊர்வலமாக வெளியேறுகிற சபைகளில் வழக்கமாக நடப்பது: முன்னே போனவர்கள் இரண்டாம் கவியிலேயே வாசலைத் தாண்டி, முற்றத்தில் வேறு வேகத்தில் பாடிக்கொண்டிருப்பார்கள். உள்ளே சபை அவர்களை இழுக்க, ஹார்மோனியக்காரர் இரண்டுக்கும் நடுவில் தவிப்பார். நாற்பதடிக் கோயிலைக் கடக்க ஒரு கவியே அதிகம். கடைசிக் கவி தொடங்கும்போது புறப்படட்டும். வாசற்படியில் உள்ளே பார்த்து நிற்கட்டும். ஆமென் முடிந்த பிறகு படியிறங்கட்டும். குடை வைக்கிற மூலையும் அந்த வாசலுக்குப் பக்கத்தில்தான் என்றால், முதலில் குடைகளை வேறு பக்கம் மாற்றுங்கள்.